சாணார்பட்டி மண்டையோடு

1961 ஏப்ரல் 8, சனிக்கிழமை. வழக்கம்போல் நாலரை மணிக்கு எழுந்தேன். திருச்சி புத்தூரில் எங்கள் தெருக்குழாயில் அரைமணி நேரந்தான் தண்ணீர் வரும். இரண்டு குடமும் ஒரு வாளியும் பிடித்து வைத்தேன். முகம் மழித்துக் குளித்தேன். கல்லூரி விடைத்தாள் கட்டு ஒன்று திருத்தாமல் மேசைமேல் கிடந்தது. அதைப் பார்க்காததுபோல் காப்பி குடித்தேன். கைப்பையில் ஒரு மாற்று வேட்டி, துண்டு, பூதக்கண்ணாடி, தலைவலி மாத்திரை. மதுரை பாசஞ்சரில் மூன்றாம் வகுப்பு. திண்டுக்கல்லுக்கு ஐம்பத்தெட்டு மைல், கட்டணம் ஒரு ரூபாய் எண்பது நயா பைசா.

போகிற காரியம் ஒரு பட்டிமன்றம். காவியங்களில் யார் பெரியவர் என்று வாதாடிச் சலித்த ஊர்களுக்கு இப்போது அறிவியலில் ஆசை வந்திருக்கிறது. ‘இன்றைய மனிதன் ஓரிடத்தில் தோன்றிப் பரவினானா, ஆங்காங்கே தனித்தனியாகத் தோன்றினானா?’ என்பது தலைப்பு. நான் விலங்கியல் கற்பிக்கிறவன் என்பதால் நடுவர் நாற்காலி எனக்கு. இதே தலைப்புக்கு இதற்கு முன்பும் நடுவராக இருந்திருக்கிறேன். தீர்ப்புச் சொன்ன பிறகு ஒரு சந்தனமாலையோடு வீட்டுக்கு வருவேன். மாலை ஆணியில் தொங்கும். இந்தத் தடவை போகவே மனமில்லை. ஆனால் திண்டுக்கல் உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் பரமசிவம் மூன்று தடவை எழுதிவிட்டார். மூன்றாவது தடவை, “எங்கள் வட்டாரத்திலேயே ஓர் ஆதிமனிதன் கிடைத்திருக்கிறான். தாங்கள் வந்து பார்க்க வேண்டும்” என்றிருந்தார்.

மணப்பாறை தாண்டியதும் வெயில் சன்னல் வழியே மடியில் விழுந்தது. எதிரே இருந்த வெற்றிலை வியாபாரி நான் எதற்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“மனுசன் எங்கிட்டு முளைச்சா என்னங்கய்யா, டிக்கெட் எடுத்துத்தான ரயில்ல ஏறணும்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அய்யலூர், வடமதுரை. செம்மண், கற்றாழை, தண்ணீர் இல்லாத ஓடைகள். ஒன்பது மணிக்குப் பின் திண்டுக்கல் மலைக்கோட்டையின் மொட்டைப் பாறை தெரிந்தது.

பரமசிவம் நடைமேடையில் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கதர்ச் சட்டை, காலர் பின்பக்கம் நைந்திருந்தது. பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“சார், பலகாரம் சாப்பிட்டதும் சாணார்பட்டிக்குக் கிளம்பிடலாம். நத்தம் பஸ். பத்து மைல்தான்.”

“செத்த நேரம் படுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன்.

“வந்து படுத்துக்கலாம் சார். அவன் அங்க காத்திருக்கான்.”

யார் அவன் என்று கேட்டேன். மண்டையோட்டைத்தான் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

காலை 10-15. நத்தம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. வலப்புறம் சிறுமலை நீலமாகக் கூடவே வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே பரமசிவம் என் காதருகில் தம் கட்சியைச் சொல்லி முடித்துவிட்டார். சாவகத் தீவில், அதாவது ஜாவாவில், ஆதிமனிதன் கிடைத்தான். பீக்கிங்கில் கிடைத்தான். பீக்கிங் மனிதனின் முன்பற்கள் மண்வெட்டிபோல் உட்குழிந்தவை. இன்றைய சீனர் பலருக்கும் அப்படியே. ஆகவே அந்தந்த மண்ணில் இருந்த பழைய மனிதனே அந்தந்த மண்ணின் புதிய மனிதன் ஆனான். “நம்ம மண்ணுல மட்டும் ஏன் கெடைக்கலைன்னு கேட்டாங்க சார். இப்பக் கெடைச்சிருச்சு. அவன் புருவமேட்டைப் பாருங்க, அப்படியே சாவகம்!”

கண்டக்டர், “சாவகம் போறவுக எல்லாம் உள்ள தள்ளி நில்லுங்க” என்றார்.

சாணார்பட்டியில் இறங்கி வரப்பில் நடந்தோம். என் இடது முழங்கால் காலையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் பெயர் வெள்ளைச்சாமி. ஒல்லியான, வெட்கப்படுகிற மனிதர். “வாங்கய்யா, வாங்கய்யா” என்று தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவர் மனைவி பேச்சியம்மாள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடங்களோடு தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவர்களுடைய பழைய கிணறு தையிலேயே வற்றிவிட்டது. புதுக்கிணற்றுக்கு நீரோட்டம் பார்த்து இடம் குறித்து, தோண்டத் தொடங்கியபோது இடுப்பளவு ஆழத்தில் அந்த எலும்பு வந்தது. வெள்ளைச்சாமி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். பரமசிவம் ஓடிவந்து பார்த்தார். மெட்ராஸிலிருந்து தொல்பொருள் அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதோடு வேலை நின்றது. ஆகவே அதைக் கிணறு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு குழி.

குழிக்கு அப்பால் கத்தரிச் செடிகள் இலை சுருண்டு நின்றன. பேச்சியம்மாள் ஒவ்வொரு தூரிலும் ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றினாள். முதுகை நிமிர்த்தாமலே பேசினாள்.

“இவருதான் மெட்ராசு அதிகாரியா?”

“இல்ல தாயி, திருச்சிப் பேராசிரியர்” என்றார் பரமசிவம்.

“எந்த ஊரா இருந்தா என்ன. வாத்தியாரய்யா, ரெண்டு மாசமா இந்த மனுசன் குழியச் சுத்தி வேலி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஆதிமனுசன் எந்திரிச்சு வந்து கமலை கட்டித் தண்ணி எறைப்பாரா?”

“ஏய், சும்மா இருடி” என்றார் வெள்ளைச்சாமி. சொன்ன குரலில் கோபம் இல்லை. என்னிடம் திரும்பி, மெதுவாக, “அய்யா, முத மனுசன் எங்க தோட்டத்துலதான் இருந்தானாமே? வாத்தியாரு சொன்னாரு” என்றார். அவர் கண்கள் அப்போது எப்படி இருந்தன என்பதை இங்கே குறித்துக்கொள்ள விரும்புகிறேன். பட்டா கிடைத்தவர் கண்கள்போல் இருந்தன.

எலும்பைப் புது மண்பானையில், துண்டில் சுற்றி வைத்திருந்தார். மஞ்சள்கூடத் தடவவில்லை; வாத்தியார் எதுவும் படக்கூடாது என்றிருக்கிறார். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஓர் உள்ளங்கையை விடப் பெரிய நெற்றிப் பகுதி. கல்போல் கனம். மேலெல்லாம் வெண்மையான காறை படிந்து மூட்டுகளே தெரியவில்லை. இரு பக்கமும் தடித்த மேடு. பார்த்தவுடன் எனக்கும் ஒரு கணம் உள்ளே ஏதோ துள்ளியது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். காறைக்குள் பழுப்பு நிறத்தில் மெல்லிய இழைகள்.

“இவை என்ன?”

“வேர் சார். புல்வேர்.”

குழிக்குள் இறங்கினேன். எலும்பு கிடந்த கிழக்குச் சுவரில் வெள்ளையாக ஓர் அடுக்கு. பரமசிவம் மேலிருந்து, “சுண்ணாம்புக்கல் அடுக்கு சார். எத்தனை யுகமோ!” என்றார். அந்த வெள்ளை மேற்குச் சுவரில் இல்லை. வடக்கில் ஒரு முழம் போய்ச் சட்டென்று நின்றுவிட்டது. யுகக்கணக்கில் படிந்த அடுக்கு ஒரு குழியின் பாதியில் நிற்காது.

“முன்னே இங்கே என்ன இருந்தது?” என்று வெள்ளைச்சாமியைக் கேட்டேன்.

“ஒண்ணுமில்லங்கய்யா. எங்கய்யா தென்னம்பிள்ளை வச்ச எடம். தண்ணியில்லாம எல்லாம் பட்டுப்போச்சு.”

மோர் கொடுத்தார்கள். ஒரே மிடறில் குடித்தேன். பிறகுதான் அந்த வீட்டில் அன்று எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று நினைத்தேன்.

பகல் 1-30. திண்டுக்கல் திரும்பினோம். உணவும் தங்கலும் காதர் மைதீன் ராவுத்தர் வீட்டில். தோல் வியாபாரி. பட்டிமன்றம் நடப்பதும் அவர் தோல் கிடங்கின் முன்வாசலில்தான். சீரகச்சம்பா பிரியாணி, கத்தரிக்காய்ப் பச்சடி, எலுமிச்சைச் சாறு. நான் மறுக்க மறுக்க ராவுத்தர் இலையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“சாப்பிடுங்க தம்பி. சாயங்காலம் என்ன தீர்ப்புச் சொல்லப் போறிய? எங்க கட்சியக் கேளுங்க. பாவா ஆதம் எறங்குனது சரந்தீப்பு மலையில, அதான் இலங்கையில. அவுக மக்க ரெண்டு பேரு கபுறும், அதான் சமாதியும், ராமேசுரத்துலதான் இருக்கு, நான் போயி ஜியாரத்துப் பண்ணியிருக்கேன். இங்கேருந்து பஸ்சுல போற தூரம். நீங்க என்னமோ சாவகம், ஆப்பிரிக்காங்கிறிய.”

“அப்படியானால் நீங்கள் ஓரிடத்துக் கட்சி.”

“ஒரே வாப்பா, ஒரே உம்மா. அம்புட்டுத்தான். மேடையில அந்தக் கட்சிக்கு நிக்கிற வக்கீலும் அதத்தான் பேசப் போறாரு, ஆனா என் பேரச் சொல்ல மாட்டாரு” என்று சிரித்தார்.

பரமசிவம் பக்கத்தில் உட்கார்ந்து தம் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். சாப்பிட்டதும் படுக்கலாம் என்றிருந்தேன். ராவுத்தர் தம் தோல் ஷாப்பைக் காட்டாமல் விடுவதாக இல்லை. தோல் பதனிடும் இடத்துக்கு அவ்வூரில் அதுதான் பெயர். பின்வாசல் வழியாகப் போனோம். வாசனையை வருணிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் மூக்கு தானாக ஒப்புக்கொள்கிறது. வரிசையாகச் சுண்ணாம்புக் குழிகள். தோல்கள் அவற்றில் ஊறி மயிர் கழன்று வரும். குழியிலிருந்து வாரிய பழைய சுண்ணாம்பு ஒரு மூலையில் மலைபோல் குவிந்திருந்தது. ஒரு மாட்டுவண்டியில் அதை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இது எங்கே போகிறது?”

“உரத்துக்கு. கிழக்க, சாணார்பட்டி, நத்தம் பக்கமெல்லாம் தென்னங்குழிக்கு இதத்தான் போடுவாக. எங்க வாப்பா காலத்துலேருந்து போகுது.”

குவியலிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைக் காறை. உள்ளே பழுப்பு மயிர். கண்ணாடியை மடக்கிப் பையில் போட்டேன். தோலோடு எலும்பும் வருமா என்று கேட்டேன். “வெளியூர்ச் சரக்குல கொம்போட, நெத்தியோட வந்துரும். வெட்டி எறிஞ்சிருவோம். சிலது குழிக்குள்ள விழுந்து வருசக்கணக்காக் கெடக்கும்” என்றார். ஒரு கன்றின் நெற்றி, கொம்பு முளைக்கிற இரண்டு முட்டுகள், அதன்மேல் சுண்ணாம்பு. சாவக மனிதனின் புருவமேடு அவ்வளவுதான்.

மாலை 4-00. பரமசிவத்தை மாடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். குவியலில் எடுத்த கட்டியையும் கண்ணாடியையும் அவர் கையில் கொடுத்தேன். சன்னலருகில் நின்று வெகுநேரம் பார்த்தார். அவர் அறிவியல் ஆசிரியர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“பையங்க எனக்கு எலும்பு வாத்தியார்னு பேர் வச்சிருக்காங்க சார்.” கட்டியைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, “நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டியாச்சு. இன்னிக்கி மேடையில சொல்லாதீங்க. மெட்ராசுக்கு எழுதியிருக்கேன். அவங்க வந்து சொல்லிட்டுப் போகட்டும்” என்றார்.

“அவர்கள் எப்போது வருவார்கள்?”

“தெரியலை.”

“அதுவரை குழி?”

கீழே பந்தலுக்குக் கயிறு கட்டுகிற சத்தம் கேட்டது. மேடையில் வைக்கிற சாட்சிக்குத்தான் நான் தீர்ப்புச் சொல்ல முடியும். வைப்பதும் வைக்காததும் உங்கள் பாடு என்று சொல்லிவிட்டுப் பாயில் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மாலை 6-00. கிடங்கு வாசல் நிறைந்துவிட்டது. ஒருபுறம் பெண்கள். தோல் ஷாப்பு ஆட்கள், பள்ளி ஆசிரியர்கள், பூட்டுப் பட்டறைக்காரர்கள். வெள்ளைச்சாமி சலவை வேட்டி கட்டி, முன்வரிசையில், மடியில் துண்டு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் பெண்கள் பக்கம். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு மேடையேறினேன்.

ஓரிடக் கட்சிக்கு வக்கீல் சீனிவாசன். கறுப்புக் கோட்டு இல்லாமலே கறுப்புக் கோட்டுப் போட்டவர்போல் பேசுவார்.

“நடுவர் அவர்களே! எந்தத் தேசத்தானும் எந்தத் தேசத்தாளும் மணந்தால் பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கிறது. தனித்தனியாகத் தோன்றியவர்களுக்கு இது எப்படிச் சாத்தியம்? ஆப்பிரிக்காவில் இப்போது கிடைக்கிற எலும்புகள் சாவகத்தை விடப் பழையவை என்று பத்திரிகையில் வருகிறது. அங்கிருந்து வருஷத்துக்கு ஒரே ஒரு மைல் நகர்ந்தாலும் மனிதன் திண்டுக்கல்லுக்கு வந்து சேராமலா போவான்?”

“தண்ணியில்லாத ஊருக்கு எதுக்குய்யா வந்தான்?” என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

“எதிர்க்கட்சியிடம் ஒரு மண்டையோடு உண்டாம். இங்கிலாந்திலும் ஒன்று இருந்தது. நாற்பது வருஷம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டார்கள். எட்டு வருஷம் முன்னால் பார்த்தால், மனிதன் மண்டை, குரங்கின் தாடை! முதல் மனிதன் இங்கிலீஷ்காரனாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அவர்கள் கண்ணை மறைத்தது. என் நண்பரின் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யக் காத்திருக்கிறேன்.”

பரமசிவம் எழுந்தார். நன்றாகப் பேசினார் என்றே எழுத வேண்டும். சாவகம், பீக்கிங், மண்வெட்டிப் பல் எல்லாம் வரிசையாக வந்தன. சேர்ந்து பிள்ளை பெறுவதற்கு ஒரே ஊரில் தோன்ற வேண்டியதில்லை, இடையிடையே கலந்தால் போதும் என்று வக்கீலின் முதல் வாதத்தையே மடக்கினார். கைதட்டல் கிடைத்தது. ஆனால் சொந்த மண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் முடிக்கப் பார்த்தார். கூட்டம் விடவில்லை.

“எலும்பு எங்க வாத்தியாரே?”

“நோட்டீசுல போட்டீகள்ல!”

வெள்ளைச்சாமி எழுந்து மேடையருகே வந்து மூட்டையை இரு கையாலும் நீட்டினார். பரமசிவம் வாங்கிக்கொண்டார். அவிழ்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். “வாத்தியாரய்யா, ஒங்க நாயம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தோண்டலாமா, வேணாமா? அத ஒண்ணச் சொல்லுங்க, நாங்க கடைசி பஸ்சப் புடிக்கணும்.”

யாரும் சிரிக்கவில்லை. பரமசிவம் துண்டை அவிழ்த்து எலும்பை மேசைமேல் வைத்தார்.

“தோண்டலாம் தாயி” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “இது கன்னுக்குட்டி நெத்தி. மேல படிஞ்சது நம்ம தோல் ஷாப்புச் சுண்ணாம்பு. தென்னங்குழிக்கு எருவாப் போனது. நான் மயிரை வேர்னு நெனச்சேன். வேரா இருக்கணும்னு நெனச்சேன். வக்கீல் சார் சொன்ன இங்கிலீஷ்காரன் நான்தான்” என்றார்.

சிரிப்பு வெடித்தது. பின்வரிசையில் ஒருவர் மாடுபோல் கத்தினார். ராவுத்தர் எழுந்து, “ஏலே, சும்மா இருங்கப்பா! எங்க கடைச் சரக்குக்கு இம்புட்டு மவுசு இதுக்கு முன்ன எவனும் குடுத்ததில்ல” என்றார். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. பரமசிவத்தையும் சேர்த்துக்கொண்ட சிரிப்பு. வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழவில்லை. தம் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி எதிர்க்கட்சிக்காரரிடம் நீட்டினார்.

நான் தீர்ப்புச் சொன்னேன். மனிதரெல்லாம் ஓரினம் என்பதில் இரு கட்சிக்கும் சண்டையில்லை. எங்கே தோன்றினான் என்பதற்குக் கையிலிருக்கும் எலும்புகள் போதா. ஆப்பிரிக்காப் பக்கம் தட்டு சற்றே சாய்கிறது, அவ்வளவுதான் இன்று சொல்லலாம் என்றேன். கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. பட்டிமன்றத்துக்கு வருகிறவர்கள் ஒருவரைத் தோளில் தூக்கிப் போக வருகிறார்கள். சந்தனமாலை மட்டும் தவறாமல் விழுந்தது.

கூட்டம் கலைந்தபோது வெள்ளைச்சாமி என்னருகே நின்றார். “அப்ப, எங்க தோட்டத்துல யாரும் இருக்கலையாய்யா?”

“இருந்திருக்கலாம். இது அவரில்லை.”

“சரிங்கய்யா.” எலும்பை முன்போலவே பதமாகத் துண்டில் சுற்றினார். பேச்சியம்மாள், “அத எதுக்கு இன்னும் தூக்கிக்கிட்டு வாரீக?” என்றாள். “இருக்கட்டும்” என்றார். இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

ராவுத்தர் வீட்டு மாடியில் படுத்தபோது எங்கள் தெருக்குழாய் நினைவுக்கு வந்தது. அரைமணி நேரந்தானா என்று நான் தினமும் அலுத்துக்கொள்கிற குழாய். நாளைக் காலை முதல் ரயிலில் திரும்புவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். ஆனால் படியேறி வந்த பரமசிவம், “சார், ரயில் மத்தியானமும் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

ஏப்ரல் 9, ஞாயிறு. முதல் நத்தம் பஸ்ஸில் இருவரும் போனோம். நாங்கள் போனபோது வெள்ளைச்சாமி வேலியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பரமசிவம் கதர்ச் சட்டையைக் கழற்றிக் கருவேலங்கிளையில் மாட்டினார். கடப்பாறையை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். கிழக்குச் சுவரில் அந்த வெள்ளை தெரிந்த இடத்தில் ஓங்கி ஒரு குத்து, பிறகும் ஒரு குத்து. வெள்ளைப் பொடி அவர் தோளெல்லாம் கொட்டியது.

பேச்சியம்மாள் கூடையோடு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “வாத்தியாரய்யா,” என்றாள், “தண்ணி கீழதான இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கடப்பாறையைத் திருப்பித் தம் காலடி மண்ணில் இறக்கினார்.